பரிசோதனையும் லேசர் சிகிச்சையும் ஒரே நாளில் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணாடியை நிரந்தரமாகக் கழற்றிவிடலாம் என்று சொல்லும் லேசர் சிகிச்சை விளம்பரங்கள் இப்போது தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களிலும், கோத்தகிரி, குன்னூர், உதகை பேருந்து நிலையங்களின் சுவர்களிலும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. காலையில் வந்தால் மாலையில் கண்ணாடி இல்லாமல் வீடு திரும்பலாம் என்பதே அவற்றில் பலவற்றின் சாரம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா, வேண்டாமா என்று கேட்டு வரும் இளைஞர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் நான் சொல்லி வருவதைத் தங்கள் வாசகர்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன். கண்ணைப் பரிசோதிக்கும் நாளும் லேசர் செய்யும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டுக்கும் இடையில் சில வாரங்களாவது பரிசோதனைத் தாள்கள் நம் வீட்டில் இருக்க வேண்டும். மலையில் வாழ்கிறவர்களுக்கு இது ஏன் இன்னும் அவசியம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் தாங்கள் சுருக்கிக்கொள்ளலாம்.

சிகிச்சையைக் குறை கூறுவது என் நோக்கம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி அணிந்துகொண்டு இந்த மலையில் வேலை செய்வது எத்தனை சிரமம் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் கண்ணாடியில் தூறல் தெறித்துக்கொண்டே இருக்கும். அதை முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்து, சீக்கிரமே அதன் வழியாக எதுவும் தெளிவாகத் தெரியாமல் போய்விடும். வெளிக்குளிரிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்து உலர்த்தும் இயந்திரத்தின் அருகே போகிறவருக்குக் கண்ணாடி முழுவதும் ஆவி படர்ந்துவிடும். அதிக பவர் உள்ள பிள்ளைகள் கைப்பந்து விளையாட்டிலிருந்து தாங்களாகவே ஒதுங்கி நிற்பதைப் பள்ளி முகாம்களில் கண்டிருக்கிறேன். எனவே கண்ணாடி இல்லாமல் பார்க்க வேண்டும் என்ற ஆசையை வெறும் அழகு மோகம் என்று ஒதுக்கிப் பேசும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

சிகிச்சையும் நல்ல சிகிச்சைதான். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அந்நாட்டின் தேசியக் கண் நிறுவனத்தோடும் பாதுகாப்புத் துறையோடும் சேர்ந்து நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், லேசிக் என்னும் லேசர் முறையில் சிகிச்சை செய்துகொண்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பார்வை திருப்தியாக இருப்பதாகக் கூறினார்கள். இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்பில் நம் ஊரில் படித்தவர் ஒருவரின் பங்கு இருப்பதும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1981-ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் திசுக்கள்மீது 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸைமர் என்னும் புற ஊதா லேசரைப் பாய்ச்சியபோது, சுற்றியுள்ள பகுதி சூட்டில் கருகாமல் துல்லியமாகச் செதுக்கப்படுவதைக் கண்டார். பின்னர் ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவரோடு சேர்ந்து அதைக் கருவிழிக்குப் பயன்படுத்தும் வழியை ஆராய்ந்தார். அந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கும் உடன் பணிபுரிந்த இருவருக்கும் 2013-ல் வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமா தேசியப் பதக்கம் வழங்கினார்.

இனி, கண்ணில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கண்ணின் முன்புறம் கைக்கடிகாரக் கண்ணாடி போலக் கவிந்திருக்கும் ஒளிபுகும் படலத்தைக் கருவிழி என்கிறோம். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடுவதால், கருவிழியின் நடுப்பகுதியைச் சற்றுத் தட்டையாக்கி அந்தக் குவியத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். லேசிக் முறையில் கருவிழியின் மேலடுக்கை மெல்லிய மூடியாகத் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் பொருத்துகிறார்கள். பி.ஆர்.கே. முறையில் மூடி எதுவும் வெட்டாமல், மேல்தோலை மட்டும் அகற்றிவிட்டு நேரடியாகச் செதுக்குகிறார்கள். மூன்று நான்கு நாட்கள் வலி இருக்கும், பார்வை தெளியவும் சில வாரங்கள் பிடிக்கும். ஸ்மைல் முறையில் சில மில்லிமீட்டர் அளவுள்ள சிறு கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய தகடு வெளியே எடுக்கப்படுகிறது. எந்த முறையானாலும் எடுக்கப்பட்ட திசு மீண்டும் வளராது. அதனால்தான் எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது.

அந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகூடப் போட்டுப் பார்க்கலாம். சராசரிக் கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ 540 மைக்ரான் தடிமன் கொண்டது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணாடிப் பவரை அளக்கும் அலகுதான் டயாப்டர். ஒரு டயாப்டர் கிட்டப்பார்வையைச் சரிசெய்ய, செதுக்கும் பரப்பின் அகலத்தைப் பொறுத்து, 12 முதல் 15 மைக்ரான் வரை எடுக்க வேண்டியிருக்கும். லேசிக் மூடிக்கு 110 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் நான்கு பவர் உள்ளவருக்கு அதிகபட்சம் 60 மைக்ரான் செதுக்கினாலும், மூடிக்குக் கீழே 370 மைக்ரான் மிஞ்சுகிறது, கவலை இல்லை. அதே சிகிச்சைக்கு மைனஸ் எட்டு பவரும் 490 மைக்ரான் தடிமனும் உள்ள ஒருவர் வருகிறார் என்று கொள்ளுங்கள். செதுக்க வேண்டியது 120, மூடி 110, மிஞ்சுவது 260 மட்டுமே. மூடிக்குக் கீழே குறைந்தது 250 மைக்ரான் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. 300-க்குக் குறைந்தாலே செய்ய மாட்டேன் என்று சொல்லும் மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பிற்காலத்தில் சிறிது பவர் திரும்பி வந்து மறுபடி செதுக்க வேண்டியிருந்தால், அதற்கு இடம் வேண்டாமா? தடிமன் தாளும் பவர் சீட்டும் கையில் இருந்தால் இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கலாம். பரிசோதனை முடிந்த அரை மணி நேரத்தில் அறுவை அறைக்குள் அழைக்கப்படுகிறவரால் அது முடியாது.

தடிமன் மட்டும் போதாது. கருவிழியின் வடிவமும் சீராக இருக்க வேண்டும். அதற்காக எடுக்கப்படுவதுதான் டோப்போகிராபி என்னும் வண்ணப்படம். சமவெளியான இடங்கள் நீலத்திலும் பச்சையிலும், செங்குத்தாக வளைந்த இடங்கள் மஞ்சளிலும் சிவப்பிலும் அச்சாகி வரும். என் தங்கை மகள் கோவைக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்த படத்தை மேசைமீது விரித்தபோது, வலக்கண் படத்தில் நடுவுக்குக் கீழே ஒருபுறமாக ஒதுங்கிய ஆரஞ்சுத் திட்டு ஒன்று தெரிந்தது. இடக்கண்ணில் அதே இடத்தில் மஞ்சள் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. அங்கிருந்த மருத்துவர் இந்தக் கண்ணுக்கு லேசர் கூடாது என்று மறுத்து அனுப்பிவிட்டார். "எல்லாருக்கும் செய்றாங்க, எனக்கு மட்டும் ஏன் மாமா?" என்று அவள் அழுதாள். பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் முட்டியால் கண்ணின் உள்மூலையை அழுத்தித் தேய்த்தாள். சிறுவயதிலிருந்தே அவளுக்குக் கண்ணில் ஒவ்வாமை. அந்தத் தேய்ப்பும் அன்றிலிருந்தே உண்டு. கருவிழி மெலிந்து கூம்பு வடிவில் முன்னால் பிதுங்கும் கெரட்டோகோனஸ் நோய்க்கும் கண்ணைக் கசக்கும் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு. அத்தகைய கண்ணில் மேலும் திசுவை எடுத்தால் பிதுக்கம் விரைந்து வளர்ந்து, கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாத நிலை வந்துவிடும். மறுத்து அனுப்பிய அந்த மருத்துவருக்கு எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. இப்போது அவள் ஒவ்வாமைக்குச் சொட்டு மருந்து போடுகிறாள், கசக்குவதை நிறுத்திவிட்டாள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து ஒப்பிடுகிறாள். பிதுக்கம் வளர்வதாகத் தெரிந்தால், ரிபோஃபிளேவின் என்ற வைட்டமினையும் புற ஊதாக் கதிரையும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தும் சிகிச்சை இருக்கிறது.

பரிசோதனை என்ற சொல்லுக்குள் இன்னும் சில அடங்கியிருக்கின்றன. கிட்டப்பார்வை உள்ள கண் இயல்பைவிட நீண்டிருப்பதால் விழித்திரை இழுபட்டு, ஓரங்களில் நைந்த இடங்களோ ஓட்டைகளோ இருக்கக்கூடும். அவற்றைப் பார்ப்பதற்கு, ஒளி உள்ளே நுழையும் துளையான கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்து விட வேண்டும். அதன் தாக்கம் பல மணி நேரம் நீடிக்கும். விரிந்த கண்மணியோடு லேசர் செய்வதை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். இளம் வயதினருக்கு, கண்ணின் குவிக்கும் தசையைத் தளர்த்தும் மருந்து விட்டுப் பார்த்தால்தான் உண்மையான பவர் தெரியும். இல்லாவிட்டால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். காலையில் வந்து மாலையில் எல்லாம் முடிகிறது என்றால், இவை இரண்டும் எப்போது நடக்கின்றன என்று கேட்பது நம் உரிமை.

காண்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்களுக்கு ஒரே நாள் ஏற்பாடு எவ்வகையிலும் பொருந்தாது. லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றிவிடும் என்பதால், அளவெடுப்பதற்கு முன்பு மென்மையான லென்ஸை இரண்டு வாரங்களுக்கும், கடினமான வகையை நான்கு வாரங்களுக்கும் கழற்றி வைத்திருக்க வேண்டும். லென்ஸோடு பேருந்து ஏறி, மருத்துவமனையில் கழற்றி, உடனே அளவு கொடுத்தவருக்கு எந்த அளவை நம்பிச் செதுக்குவது?

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான லேசிக் கருவிகளுக்கு 18 வயதே கீழ்வரம்பு; ஆனால் 18 முடிந்துவிட்டது என்பதைவிட, பவர் நிலைத்துவிட்டதா என்பதே முக்கியம். ஓராண்டில் அரை டயாப்டருக்கு மேல் மாறியிருந்தால் பொறுத்திருக்க வேண்டும். பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த இடத்தில் பயனடைகின்றன.

நம் ஊர்களில் அவசரத்துக்குப் பெரும்பாலும் திருமணமே காரணமாகிறது. பெண் பார்க்க வருவதற்கு முன்பு கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று தேதி குறித்துக்கொண்டு புறப்படுகிறார்கள். அந்தத் தேதிக்கும் கண்ணின் நிலைக்கும் சம்பந்தம் கிடையாது. கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் உடலின் சுரப்பு மாற்றங்களால் பவர் ஏறி இறங்கக்கூடும் என்பதால் அப்போது இந்தச் சிகிச்சை செய்வதில்லை. ஆகவே சீக்கிரம் முடித்துவிடு என்று பெண்ணின் மீது இரு பக்கத்திலிருந்தும் நெருக்கடி விழுகிறது. கண்ணாடி அணிந்த பெண்ணை வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்காக எந்தப் பெண்ணும் தன் கருவிழியைச் செதுக்கிக்கொள்ளக் கூடாது என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன். அவளுக்காக அவள் விரும்பினால் செய்துகொள்ளட்டும். தாய்மார்கள் தயவுசெய்து இதை யோசிக்க வேண்டும்.

இனி மலைக்கே உரிய விஷயங்கள். முதலாவது, இரவுப் பார்வை. மேலே சொன்ன அமெரிக்க ஆய்விலேயே, சிகிச்சைக்கு முன்பு எந்தப் பார்வைத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரையிலானவர்கள், மூன்று மாதம் கழித்து விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கூச்சம், கதிர் கதிராகச் சிதறும் ஒளி, இரட்டைப் பிம்பம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று புதிதாகத் தெரிவதாகக் கூறினார்கள். அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்குச் சிரமப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கோவையில் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்த ஒளிவட்டம் ஒரு சிறு தொல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து காய்கறி வண்டியை இரவில் ஓட்டிக்கொண்டு வருகிறவருக்கு அப்படியில்லை. எங்கள் பகுதியைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் கீழே ஒரு மருத்துவமனையில் லேசிக் செய்துகொண்டார். பகலில் பார்வைப் பரிசோதனைப் பலகையில் ஆறாவது வரி வரை பிழையில்லாமல் படிக்கிறார். ஆனால் பனிமூட்டத்தில் எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு தனக்கு ஒரு வெள்ளைப் பந்தாக விரிவதாகவும், அதன் ஓரத்தில் காட்டெருமை நின்றாலும் சட்டென்று பிரித்தறிய முடிவதில்லை என்றும் சொன்னார். மாதங்கள் செல்லச் செல்ல அது குறைந்து வருகிறது. இப்போதைக்குப் பகல் சவாரி மட்டும் எடுக்கிறார், வருமானம் குறைந்துவிட்டது. இரவில் மலைப்பாதையில் ஓட்டுவதுதான் தன் பிழைப்பு என்பதை அவர் அங்கே சொல்லவில்லை, அங்கே யாரும் கேட்கவும் இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் இரவு வண்டி ஓட்டுகிறவர்கள், இருட்டில் தங்கள் கண்மணி எவ்வளவு விரிகிறது என்பதை அளந்து சொல்லும்படி கேட்க வேண்டும். ஒளிவட்டம் வந்தால் சில மாதம் வேறு வேலை பார்க்க வழி உண்டா என்பதையும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, கண் வறட்சி. லேசிக் மூடியை வெட்டும்போது கருவிழியின் நரம்பிழைகள் அறுபடுவதால் கண்ணீர் சுரக்கத் தூண்டும் உணர்வு குறைகிறது. பலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் சரியாகிவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் நாட்களில் இங்கே காற்று எவ்வளவு வறண்டிருக்கும் என்பதை உதடு வெடிப்பைக் கொண்டே அறியலாம். அந்த மாதங்களில் கதவை அடைத்துக்கொண்டு கரி அடுப்பின் அருகே அமர்வதும் நம் வழக்கம். ஏற்கெனவே கண் உறுத்தலும் எரிச்சலும் உள்ளவர்கள் முதலில் அதற்குச் சிகிச்சை பெற்ற பிறகே லேசரைப் பற்றி நினைக்க வேண்டும்.

மூன்றாவது, வெயில். குளிராக இருப்பதால் இங்கே வெயில் கடுமையில்லை என்று நினைக்கிறோம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிரின் வீச்சு சுமார் 10 சதவீதம் கூடுகிறது. உதகை 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பி.ஆர்.கே. செய்துகொண்ட கருவிழி ஆறிவரும் மாதங்களில் புற ஊதாக் கதிர் அதிகம் பட்டால் வெண்புகை போன்ற மங்கல் படியக்கூடும். கண்ணாடியை விடுவதற்காகச் சிகிச்சை செய்துகொண்டவர், கேரட் தோட்டத்திலும் தேயிலைக் காட்டிலும் பல மாதங்களுக்கு நல்ல தரமான குளிர்க்கண்ணாடியை விடாமல் அணிய வேண்டும். இதைச் சமவெளி மருத்துவர் தானாகச் சொல்லாமல் போகலாம். எந்த உயரத்தில் வசிக்கிறோம், வெளியில் எத்தனை மணி நேரம் வேலை என்பதை நாமே சொல்லிவிட வேண்டும். கிளை தட்டும் இடங்களில் வேலை செய்கிறவர்களும் கபடி விளையாடுகிறவர்களும், பலத்த அடி பட்டால் லேசிக் மூடி பல ஆண்டுகள் கழித்தும் விலகியதுண்டு என்பதை அறிந்து, மூடியில்லாத முறைகளைப் பற்றிக் கேட்பது நல்லது.

நான்காவது, திரும்பப் போக வேண்டிய நாட்கள். மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று மருத்துவர் பார்க்க வேண்டும். மூடிக்கு அடியில் அழற்சியோ கிருமித் தொற்றோ வந்தால் முதல் சில நாட்களிலேயே தெரியும். அப்போது மணிக்கணக்கில் தாமதித்தால்கூடப் பார்வைக்கு ஆபத்து. அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு மரம் விழுந்தாலே சாலை அடைபடுகிறது. 2009 நவம்பரில் மண்சரிவுகளால் மலைச் சாலைகள் துண்டிக்கப்பட்டதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். எனவே மழைக்காலத்தில் இதைச் செய்துகொள்ள வேண்டாம். செய்துகொள்ளும் நாளிலும் அன்று மாலையே மலையேறாமல், மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் பரிசோதனை முடிந்த பிறகு திரும்புவதே நல்லது. கண்ணுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவர் நிறுத்தச் சொன்ன பிறகும் தாமாகக் கடையில் வாங்கிப் போடுவது சிலரிடம் உள்ள பழக்கம். அது கண்ணின் உள் அழுத்தத்தை ஏற்றிவிடும். செதுக்கப்பட்ட மெல்லிய கருவிழியில் அழுத்தமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால் அந்த ஏற்றம் கவனத்துக்கு வராமலும் போகலாம்.

இந்த இடத்தில்தான் தாள்களைப் பத்திரப்படுத்துவதன் அருமை விளங்கும். இன்று 24 வயதில் லேசர் செய்துகொள்ளும் பெண்ணுக்கு அறுபது வயதில் கண்புரை வரக்கூடும். அப்போது கண்ணுக்குள் வைக்க வேண்டிய லென்ஸின் பவரைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரங்கள், செதுக்கப்பட்ட கருவிழியில் தவறான விடை தரும். சிகிச்சைக்கு முன்பிருந்த கருவிழி வளைவு, தடிமன், பவர், எவ்வளவு செதுக்கப்பட்டது என்ற விவரங்கள் இருந்தால் அந்தப் பிழையைப் பெருமளவு தவிர்க்கலாம். செய்த மருத்துவமனை அன்று இருக்குமோ இருக்காதோ, நம் வீட்டு இரும்புப் பெட்டி இருக்கும். நிலப் பட்டாவோடு இந்தத் தாள்களையும் வையுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். கண் அழுத்த நோய்க்காகப் பின்னாளில் யாரிடம் போனாலும், லேசர் செய்துகொண்ட கண் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

லேசர் மாற்றாத சிலவும் உண்டு. கிட்டப்பார்வைக் கண்ணின் நீளம் அப்படியே இருப்பதால் விழித்திரை விலகும் அபாயமும் அப்படியே இருக்கிறது. கண்ணாடி போய்விட்டது என்பதற்காக ஆண்டுப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. திடீரென்று மின்னல் போன்ற ஒளியோ கரும்புள்ளிகளோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நாற்பது வயதைத் தாண்டினால் வரும் வெள்ளெழுத்தையும் லேசரால் தடுக்க முடியாது. மைனஸ் மூன்று பவர் உள்ள ஐம்பது வயதுக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோக்கிறார். அவருக்குத் தூரப் பார்வையை முழுவதும் சரிசெய்துவிட்டால் அதே ஊசிக்குக் கண்ணாடி தேட வேண்டியிருக்கும். நாற்பதை நெருங்கியவர்கள் எது தங்களுக்கு அதிகம் தேவை என்று எண்ணிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை ஒரு குறிப்பு மட்டும். 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் சிகிச்சை, மருத்துவக் காப்பீட்டின் பொதுவான விலக்குகளில் ஒன்று. பாலிசி இருக்கிறது என்று நம்பிக் கடன் வாங்கிவிட வேண்டாம். ராணுவம், காவல்துறை போன்ற பணிகளுக்கு முயலும் இளைஞர்கள், அந்தந்தப் பணியின் மருத்துவ விதிகளைப் படித்த பிறகே செய்துகொள்ள வேண்டும். எந்த வயதுக்குப் பிறகு செய்திருக்க வேண்டும், செய்து எவ்வளவு காலம் கழிந்திருக்க வேண்டும், கருவிழியில் எவ்வளவு தடிமன் மிஞ்சியிருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு.

இரண்டு முறை மலையிறங்கி ஏறுவது எளிதில்லை என்று வாசகர்கள் சொல்லக்கூடும். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருகிறவரின் கூலியும் போகும் என்பது உண்மையே. கண்ணைப் பொறுத்தவரை அந்தக் கூலியை இழக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். முதல் பயணத்தை வேறு வேலையோடு சேர்த்து வைத்துக்கொண்டால் சுமை சற்றுக் குறையும். லேசருக்குப் பொருந்தாத கண் என்று தெரிந்தால் அதோடு வழி அடைபடுவதில்லை. கருவிழியைச் செதுக்காமல் கண்ணுக்குள் பொருத்தும் ஐ.சி.எல். என்ற லென்ஸ் அதிக பவர் உள்ளவர்களுக்கு ஏற்றதாக இருக்கலாம். கண்ணாடியிலேயே தொடர்வதும் மதிப்பான முடிவுதான்.

மருத்துவமனைகளுக்கு என் வேண்டுகோள்: ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அச்சிட்டு, பரிசோதனை நாளன்றே கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், டோப்போகிராபி, தடிமன், பவர் தாள்களின் நகலைக் கேட்காமலே கொடுங்கள். மாவட்டச் சுகாதாரத் துறைக்கு: வெளியூரில் லேசர் செய்துகொண்டு வருகிறவர்களின் கண் அழுத்தத்தையும் கருவிழியையும் பார்க்க உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, அதைச் சுகாதார நிலையங்களின் வழியாக அறிவியுங்கள். ஆசிரியர் அவர்களுக்கு: இத்தகைய விளம்பரங்களை வெளியிடும்போது, யாருக்கு இந்தச் சிகிச்சை பொருந்தாது என்பதையும் அதே அளவு எழுத்தில் சேர்க்கும்படி விளம்பரதாரர்களிடம் கேளுங்கள்.

மழை ஓய்ந்து டிசம்பர் விடுமுறை தொடங்கும்போது நம் பிள்ளைகள் பலர் கோவைக்குப் புறப்படுவார்கள். அதற்கு முன்பாக இக்கடிதத்தை வெளியிட்டால் அவர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.